மூணு இருபதும் ரெண்டரை எம்எம்மும்

எங்க பக்கத்துப் பழைய எலக்ட்ரீஷியன்கள் கடையில இன்னும் "மூணு இருபது", "ஏழு இருபது"ன்னுதான் வயர் கேட்பாங்க. இருபதாம் கேஜ் கம்பி மூணு சேர்ந்தா 3/20, ஏழு சேர்ந்தா 7/20. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. இன்றைய கணக்கில் 3/20 சுமார் 2 ஸ்கொயர் எம்எம், 7/20 நாலரைக்குச் சற்று மேல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஊர்கள் மாறின கதையை இந்த எண்களை வைத்தே சொல்லிவிடலாம்.

குடிசைகளுக்கு ஒரு விளக்கு தரும் குடீர் ஜோதி திட்டம் வந்தது 1988-89ல். 40 வாட் குண்டு பல்பு கால் ஆம்பியர்கூட இழுக்காது. அதற்கு மெல்லிசு வயரே தாராளம். 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச டிவி, 2011ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன். எல்லாம் சேர்ந்து ஓடினாலும் ஐந்து ஆம்பியரைத் தாண்டுவது அபூர்வம். பழைய வயர் தாங்கியது.

இதற்கிடையே 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார், செல்போன் கம்பெனிகள் உற்பத்தியைத் தொடங்கின. நெல் விளைந்த நிலத்தில் லைன் வீடுகள் எழும்பின. ஒரே அறையில் நாலைந்து பையன்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கரண்ட் அடுப்பில்தான் சமையல். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் இன்னொரு ஆறரை. ரெண்டும் ஒரே பிளக்கில், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக.

கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நாலு மடங்காகும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைக்கும்தான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடிமனான கம்பியைச் சுற்றுகிறார்கள், அல்லது 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 32 மாட்டுகிறார்கள். எங்க ஏரிப் பாசனத்துல வாய்க்காலை அகலப்படுத்தாம மதகை மட்டும் பெருசாக்கினா கரை உடையும். இங்கே உடைவது சுவத்துக்குள்ள, கண்ணுக்குத் தெரியாம. ஃபியூஸ் காப்பாத்துறது அடுப்பை இல்ல, அந்த வயரைத்தான்.

அதனால முதல்ல வயர், அப்புறம்தான் எம்.சி.பி. எல்லாமே செம்புக் கம்பியாக, லைட்டுக்கு ஒன்றரை எம்எம். அடுப்பு, ஹீட்டர் மாட்டும் 16 ஆம்பியர் பிளக்குக்கு ரெண்டரை, அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.; ஏசிக்குத் தனி லைன், நாலு எம்எம். கூடவே எர்த் கம்பி.

லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் பலர் சென்னையில் இருக்கிறார்கள். அடுத்த முறை வாடகை வாங்க வரும்போது பிளக்குக்குப் போகும் எம்.சி.பி.யில் என்ன எண் இருக்கிறதென்று பாருங்க. 16க்கு மேலே இருந்தா, சுவத்துக்குள்ள போட்டது எந்த வயர்னு எலக்ட்ரீஷியனை விட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க. உள்ளே தூங்குறது ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச நாலு பேர்.