தொட்டிக் குன்று

விசாகப்பட்டினத்திலிருந்து பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால், இடப்புறத்தில் ஒரு குன்றின்மேல் பாதை ஏறுகிறது. குன்றின் உயரம் கடல் மட்டத்திற்கு மேல் 128 மீட்டர். உச்சியில் நிற்போருக்கு வங்கக் கடல் வளைந்த கரையோடு முழுமையாகக் காட்சி தரும். விடுமுறை நாட்களில் வருவோரிற் பலர் கடலைப் பார்த்து, காற்று வாங்கித் திரும்பிவிடுகின்றனர். காலடியில் கிடக்கும் செங்கல் வரிசைகளைப் பொருட்படுத்துவோர் சிலரே.

குன்றின் பெயர் தொட்லகொண்டா. அலுவல் நிமித்தம் இந்நகருக்கு வந்த புதிதில், தெலுங்கரான நண்பர் ஒருவரிடம் இதன் பொருளை வினவினேன். அவர் விளக்கத் தொடங்குமுன்பே விளங்கிவிட்டது. நமக்குத் தொட்டி எதுவோ, அவர்களுக்கும் அதுவே தொட்டி. கொண்டா என்பது குன்று. நாளெல்லாம் சொல்லுக்குச் சொல் தேடும் மொழிபெயர்ப்பாளனுக்கு அன்று வேலையில்லாமற் போயிற்று. ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. இத்துணைப் பெருங்கடலை நோக்கி நிற்கும் குன்றுக்குத் தொட்டியைக் கொண்டு பெயரிட்டது ஏன்?

விடை பாறையிலேயே இருக்கிறது. மழைநீரைத் தேக்குவதற்காகக் கல்லைக் குடைந்து அமைத்த தொட்டிகளை இன்றும் அங்கே காணலாம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வரை இங்கே பௌத்த விகாரம் ஒன்று தழைத்திருந்தது. கார்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்குதல் பௌத்தத் துறவியரின் நெறி. தூபிகள், துறவியர் அறைகள், உணவுக்கூடம், அட்டில் ஆகியவற்றின் அடித்தளங்கள் இங்கு வெளிப்பட்டுள்ளன. கண்ணெதிரே எல்லையற்ற நீர் கிடந்தும் குடிக்க ஒரு துளி உதவாது. ஆதலின், வானம் தந்ததைச் சேமித்தாலன்றி அங்கு வாழ்வில்லை. அண்டையிலுள்ள மற்றொரு பௌத்தக் குன்றின் பெயர் பாவிகொண்டா. கிணற்றுக் குன்று என்பது பொருள். அங்கும் தண்ணீரே பெயர் தந்தது.

எனினும் கடலால் பயன் இல்லாமலில்லை. அகழ்வில் சாதவாகனரின் ஈய நாணயங்கள் ஒன்பதும், உரோமானிய வெள்ளி நாணயங்கள் ஐந்தும் கிடைத்தன. கடல் கடந்து வந்த வாணிபச் செல்வத்தில் ஒரு பங்கு, கொடையாகக் குன்றேறியிருக்கக் கூடும்.

பின்னர் விகாரம் மண்மூடிப் போயிற்று. 1976-இல் கடற்படைத் தளத்தின் பொருட்டு வானிலிருந்து நிலத்தை அளந்தபோதுதான் இவ்விடம் தற்செயலாகப் புலப்பட்டது. 1988-இல் ஆந்திர மாநிலத் தொல்லியல் துறையினர் அகழத் தொடங்கினர். துறவியரை ஊரார் மறந்துபோயினர். பேரரசரின் பெயரும் அவர்கள் நாவில் நிற்கவில்லை. தொட்டி மட்டும் குன்றின் பெயரில் தங்கிவிட்டது.

வெளிப்பட்டதனாலேயே ஒன்று காப்பாற்றப்பட்டதாகிவிடாது. 2019-இல் பெய்த பெருமழையில் பெரிய தூபியின் ஒரு பகுதி சரிந்தது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. எந்த மழையைத் தேக்கி அக்குன்று வாழ்ந்ததோ, அம்மழையிலிருந்தே இன்று அதனைக் காக்கவேண்டியுள்ளது.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், அவ்விடத்தின் வரலாறு நமக்கு அயலானது என்று எண்ணிவிடுகிறோம். ஊர்ப்பெயரைச் சற்றே காதுகொடுத்துக் கேட்டால், நம் வீட்டு முற்றத்துச் சொல்லே அங்கே காத்திருப்பதும் உண்டு. அடுத்த முறை அக்குன்றேறும்போது, கடலைப் பார்க்குமுன் தொட்டியைப் பாருங்கள்.