மெக்கிரகர்: மரண தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்பட்ட பெயர்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை அறிந்த நமக்கு, 'மெக்' எனத் தொடங்கும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள் புதியன அல்ல. அந்நாட்டின் பழைய கேலிக் மொழியில் 'மெக்' என்றால் மகன். நமது 'மகன்' என்னும் சொல்லோடு உறவு கொண்டாட ஆசை எழும்; எனினும் அது தற்செயலான ஒலியொற்றுமையே.

இவ்வகைப் பெயர்களுள் பெருந்துயர் கண்டது 'மெக்கிரகர்' என்பதாகும். கிரகரின் மகன் என்பது இதன் பொருள். கிரகர் என்பது 'விழிப்புடையோன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பண்டைய அரசன் ஒருவனின் வழித்தோன்றல்கள் தாம் என்பது இக்குலத்தாரின் மரபு. ஆயினும் 14ஆம் நூற்றாண்டு முதலே இவர்தம் வரலாறு தெளிவு பெறுகிறது.

கிளென் ஓர்க்கிப் பள்ளத்தாக்கில் வழிவழியாக வாழ்ந்த இம்மக்களிடம் நிலப் பட்டயம் இல்லை. பட்டயம் பெற்ற கேம்பல் குலத்தார் மெல்ல மெல்ல அவர்களை வெளியேற்றினர். நிலமிழந்தோர் கொள்ளையிலும் பூசலிலும் இறங்கினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1603 பிப்ரவரியில் கிளென் ஃபுரூயின் என்னுமிடத்தில் அவர்கள் கொல்குஹூன் குலத்தாரைப் பெருமளவில் வெட்டி வீழ்த்தினர்.

அரசர் ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்தின் அரியணை ஏற இலண்டனுக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், 1603 ஏப்ரல் 3ஆம் நாள், விந்தையானதொரு ஆணை பிறந்தது. மெக்கிரகர் என்னும் பெயரே இனி இருத்தலாகாது. அதைத் துறவாதவர்க்கு மரண தண்டனை! குலத்தலைவர் அலஸ்டர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். போரில் ஈடுபட்டோர் இறைச்சி அறுக்க முனையற்ற கத்தியன்றி வேறு ஆயுதம் ஏந்தக் கூடாது, நால்வருக்கு மேல் ஒன்றுகூடலாகாது என்னும் கட்டளைகளும் தொடர்ந்தன. 1633ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆண் மகவுக்குக் கிரகர் எனப் பெயர் சூட்டச் சமயகுருமாருக்கும் தடை விதித்தது. குற்றம் புரிந்தவரைத் தண்டிப்பது அரச நீதி. பிறவாத பிள்ளையின் பெயரைப் பறிப்பது எந்த நீதியோ!

மக்கள் மரே, டிரம்மண்ட், கிராண்ட், ஏன், பகைவரின் கேம்பல் என்னும் பெயரையும் பூண்டு உயிர் பிழைத்தனர். 1661இல் நீங்கிய தடை, 1693இல் மீண்டும் வந்தது. புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரகர் தம் தாயின் குலப் பெயராகிய கேம்பலைத் தாங்கியது இக்காலத்தில்தான். அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து, 1774இல்தான் தடை அடியோடு அகன்றது.

அதன்பின் 826 பேர் மெக்கிரகர் எனக் கையொப்பமிட்டுத் தங்கள் தலைவரைத் தேர்ந்தனர். ஜான் மரே என வழங்கிய அத்தலைவரின் குடும்பத்தார், 1822இல் அரச அனுமதியுடன் மெக்கிரகர் என்னும் தம் முன்னோர் பெயரை மீளப் பெற்றனர்.