கல், ஏடு, ஹார்ட் டிஸ்க்: எதை நம்பி வைப்பது?

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் மலைக்கு ஏறுகிற எல்லாருமே ஒரு கல்வெட்டைத் தாண்டித்தான் போகிறோம். இரட்டை மீன் சின்னம், பக்கத்தில் சிதைந்த தமிழ் வரிகள். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா கோணேசர் கோயிலை இடித்தார். அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கல் அழியவில்லை, ஆனால் அதில் இருந்த வரிகள் உடைந்து போயின. அந்தப் பாட்டை இண்டைக்கும் நாங்கள் முழுதாகச் சொல்கிறோம் எண்டால், அது வாய்வழியாகவும் ஏட்டு வழியாகவும் வேறு இடங்களில் இருந்ததால்தான்.

லப்டொப்புக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிற கதைக்கு இது எதுக்கு எண்டு கேட்கலாம். எங்கள் குழு இப்போது துறைமுகப் பக்கத்து முதியவர்களின் குரல்களைப் பதிந்து வருகிறது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 இல் இலங்கையிடம் கைமாறியதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள், 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள், டச்சுக்குடாவில் வலை இழுத்தவர்கள். இவர்களில் சிலரிடம் இரண்டாம் முறை போய்க் கேட்க முடியாது. அதனால் "எந்த டிஸ்க் நல்லது?" என்பது எங்களுக்குக் கடைக் கேள்வி மட்டும் இல்லை, வரலாற்றுக் கேள்வியும்தான்.

இன்னொரு சம்பவத்தையும் பாருங்கள். 1950 இல் நகரசபை கிணறு தோண்டியபோது, கோயிலுக்குக் கொஞ்சத் தூரத்தில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி என்று பழைய வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள் இருந்து வந்தன. இடிப்புக்கு முன்னமே யாரோ எடுத்துப் புதைத்திருக்க வேண்டும். எல்லாம் மலைமேலேயே இருந்திருந்தால் அவையும் போயிருக்கும். ஒன்றை வேறு இடத்தில் வைப்பது என்றால் என்ன எண்டு எங்கள் ஊர்க்காரருக்கு ஏறத்தாழ நானூறு வருஷத்துக்கு முந்தியே தெரிந்திருக்கிறது.

1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். அதே 1956 இல்தான் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியே கொண்டு வந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு தொன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு வெறும் 50 லட்சம் எழுத்துக்கள். இன்றைக்கு போனில் எடுக்கிற ஒரு படமே அந்த அளவு வரும்.

அளவு சுருங்கினாலும் வேலை செய்கிற விதம் பெரிதாக மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழலும். கையடக்க டிஸ்க்குகளில் அநேகமாக நிமிடத்துக்கு 5400 சுற்று. அதற்கு மேலே, ஒரு தூசியின் உயரம்கூட இல்லாத இடைவெளியில், வாசிக்கிற முனை மிதக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையால் விழுந்தால் முனை தட்டில் உரசும், கதை முடிந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை, அதனால் விழுத்தினாலும் அநேகமாகத் தப்பும், வேகமும் கூட. ஆனால் விலை அதிகம். மின் இணைப்பே இல்லாமல் வருஷக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால் அதில் உள்ள மின்னேற்றம் கசிந்து தரவு கெடலாம். ஆகவே பையில் தூக்கித் திரிய எஸ்எஸ்டி, வீட்டில் வைத்துச் சேமிக்க ஹார்ட் டிஸ்க். இதுதான் எங்கள் கணக்கு.

எவ்வளவு பெரிது வேண்டும்? சுருக்காத ஒலிப்பதிவு ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 635 எம்பி. 40 மணித்தியாலம் பதிந்தாலும் 25 ஜிபிதான். வீடியோ எடுக்காதவருக்கு 1 டிபியே தாராளம். கையில் காசு கொஞ்சம் கூட இருந்தால் 4 டிபி ஒன்றை வாங்காதீர்கள், 1 டிபி இரண்டை வாங்குங்கள்.

பிராண்ட் பற்றி எல்லாரும் சண்டை பிடிப்பார்கள். உண்மையில் இன்று ஹார்ட் டிஸ்க் செய்கிற பெரிய கம்பனிகள் மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மூன்றிலும் பழுதாகிற டிஸ்க் உண்டு. "கெடாத டிஸ்க்" எண்டு ஒன்று இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறு. யூஎஸ்பி 3 இருக்கிறதா? தனி மின் அடப்டர் தேவையில்லாத 2.5 அங்குல வகையா? பில்லும் வாரண்டியும் தருவார்களா? வாரண்டி புது டிஸ்க்கைத்தான் தரும், பாட்டியின் குரலைத் திருப்பித் தராது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்லைனில் 16 டிபி எண்டு சொல்லி மலிவு விலையில் வருகிறவை அநேகமாகப் போலி. பெட்டிக்குள்ளே சின்ன மெமரி கார்ட் இருக்கும், நிரம்பியதும் பழைய கோப்புகளுக்கு மேலேயே எழுதும். புது டிஸ்க்கை முழுக்க எழுதி வாசித்துப் பார்க்க எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. 1 டிபி டிஸ்க் லப்டொப்பில் 931 எண்டு காட்டினால் பதற வேண்டாம், அது எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம். எங்கள் ஊரில் உப்புக் காற்றும் உண்டு. டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்தால் வயர் முனை துருப்பிடிப்பது குறையும்.

ஆனால் இதெல்லாம் செய்தாலும் ஒரு டிஸ்க் ஒரு டிஸ்க்தான். 1981 யூன் 1 விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சில் வேறு பிரதிகள் இருந்த நூல்களைத் திரும்ப வாங்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏடுகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. இதையே சி. வை. தாமோதரம்பிள்ளை மாதிரியானவர்கள் நூறு வருஷத்துக்கு முந்தி விளங்கி வைத்திருந்தார்கள். செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1887 இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். அதற்குப் பிறகு கலித்தொகையை எரிப்பதற்கு ஒரு நெருப்பு போதாது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் ஈழத்து நூல்களை வருடி இணையத்தில் வைக்கும்போது அதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால் எங்கள் குழுவின் ஒழுங்கு இது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். லப்டொப்பில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, மட்டக்களப்பில் இருக்கிற நண்பர் வீட்டு டிஸ்க்கில் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கேட்டுப் பார்ப்போம். ஐந்து வருஷத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றுவோம், பழைய ஏட்டைப் புது ஏட்டில் பெயர்த்தெழுதியவர்கள் மாதிரி.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மம்மா இருப்பார். இந்தக் கிழமை அவருடைய குரலைப் பதியுங்கள். டிஸ்க் வாங்கக் காசு சேர்கிறவரைக்கும் இரண்டு நண்பர்களின் போனில் ஒவ்வொரு பிரதி போட்டு வையுங்கள்.