வீட்டில் சுற்றிய பீடியும் கடையில் கழித்த பீடியும்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் பீடி சுற்றுவது பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. கம்பெனிக்காக ஊருக்குள் நடக்கும் பீடிக் கடையில் இலையையும் புகையிலைத் தூளையும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையை நனைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து, பதமானதும் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். பிறகு மடியில் சுளகை வைத்துக்கொண்டு தூள் போட்டுச் சுற்றி, நுனியை மடக்கி, நூல் கட்டுவார்கள். 25 பீடி ஒரு கட்டு. கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும்.

சுற்றுகிறவர் எப்போது உட்கார்ந்தார், எப்போது அடுப்பைப் பார்க்க எழுந்தார், கூட யார் சுற்றினார்கள் என்பது எதுவும் முதலாளிக்குத் தெரியாது. அதனால் அவர் கையில் இரண்டே பிடிகள் இருந்தன. இவ்வளவு இலைக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும் என்ற எண்ணிக்கை ஒன்று. கொண்டுவந்த கட்டைப் பிரித்து, தளர்ந்தது, நீளம் குறைந்தது, வாய் சரியாக மடங்காதது என்று ஒதுக்கும் கழிவு மற்றொன்று. இரண்டிலும் நட்டம் சுற்றியவருக்கே. இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. அதைத் திருப்பித் தராமல் விற்பனைக்கே அனுப்பிவிடுகிறார்கள் என்பது இந்தத் தொழிலின் பழைய புகார். வீட்டில் இருப்பவரை நம்ப முடியாது என்று சொல்லி வைத்த சோதனை, கூலியைக் குறைக்கும் வழியாகவும் ஆகிப்போனது.

வருகைப் பதிவு இல்லை, வேலை நேரம் இல்லை, ஆகவே இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்பது கம்பெனிகளின் வாதம். 1960இல் நாக்பூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அங்கே பட்டறைக்கு வந்து சுற்றியவர்கள்கூட நினைத்த நேரத்தில் வந்து போனவர்கள்தான். தரம் குறைந்த பீடியை நாள் முடிவில் கழிப்பதே மேற்பார்வைதான் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில் தீர்ப்பு எதிர்த்திசையில் போனதால் குழப்பம் நீடித்தது.

சேலம் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் 1964இல் தீர்ப்பு வந்தது. அங்கே தொழிலாளர்கள் இலையை வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டி, மறுநாள் ஒப்பந்தக்காரரின் இடத்தில் சுற்றினார்கள். சொல்லாமல் வராமல் போனாலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று ஒப்பந்தக்காரர்களே சாட்சி சொன்னார்கள். ஆனாலும் இலை, தூளின் விலையை முடிவு செய்தது கம்பெனி. பீடியை எடுத்துக்கொண்டதும் கம்பெனிதான். எனவே ஒப்பந்தக்காரர் வெறும் முகவர், உண்மையான முதலாளி கம்பெனியே என்று நீதிமன்றம் சொன்னது. நடுவில் ஒரு ஆளை நிறுத்திப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஏற்பாட்டை இந்தத் தீர்ப்பு நேராகப் பார்த்தது.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது. கழிவுக்கும் வரம்பு வந்தது: மாநில விதிகள் சாதாரணமாக 100க்கு 5 பீடிக்கு மேல் கழிக்கக் கூடாது என்றன. கேரளத்தில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கண்ணூரில் பெரிய கம்பெனி ஒன்று கடையை மூட, வேலை இழந்தவர்களுக்காக 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. கம்பெனிகள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

வருங்கால வைப்பு நிதி 1977இல் இத்தொழிலுக்கு வந்தபோது அதே பழைய வாதம் மீண்டும் எழுந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம், கழிக்கும் உரிமை இருப்பதே போதிய கட்டுப்பாடு, ஆகவே வீட்டில் சுற்றுபவருக்கும் நிதி உண்டு என்று தீர்ப்பளித்தது. கம்பெனிக்குச் சாதகமாக இருந்த கழிவு, கம்பெனியையே முதலாளி என்று நிரூபிக்கும் சான்றாகவும் ஆனது.

தப்பிக்கும் வழிகளும் கூடவே வளர்ந்தன. குடும்ப உதவியுடன் சொந்த வீட்டில், எந்த முதலாளிக்கும் தொழிலாளியாக இல்லாமல், பீடி தயாரிப்பவருக்குச் சட்டம் விலக்கு தந்திருந்தது. சில கம்பெனிகள் இலையை விற்பதாகவும் பீடியை விலைக்கு வாங்குவதாகவும் கணக்கு எழுதி, தொழிலாளியை வியாபாரி ஆக்கின. வேலைக் கணக்குக்குப் பாஸ்புக் உள்ள இடத்திலும் ஒருவர் பெயரில் தாய், மகள், மருமகள் எல்லோரும் சுற்றினார்கள். வைப்பு நிதி அந்த ஒரு பெயருக்கு மட்டுமே ஏறியது.