கறள் பிடித்த ஆணியும் கரண்டிக் காம்பும்

துவிச்சக்கர வண்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனை ஆக்கியோரைப் பற்றியே எழுதினர். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து யோன் கெம்ப் ஸ்ராலி என்பார் பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்பாஸ்ற் நகரிலிருந்த மிருக வைத்தியர் டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். இவை நேயர்களிற் பலர் அறிந்தவையே. பூட்டியோரின் கதை இவ்வாறிருக்க, கழற்ற முயன்றோரின் கதையும் ஒன்றுண்டு. பூட்டியது கழல மறுத்தபோது மனிதர் கையிற் கிடைத்ததைக் கொண்டு செய்த முயற்சியையும், அம்முயற்சியின் சலிப்பிலே பிறந்த புதுமைகளையும் பற்றியே இன்று சிறிது கூற விரும்புகின்றேன்.

டன்லொப்பின் ரயர் ஓடுவதற்கு இனியதாயினும் கழற்றுதற்குக் கொடியது. கித்தான் துணியாற் சுற்றி, பசையிட்டு, சக்கர வளையத்தோடு ஒட்டப்பட்டிருந்தது அது. முள்ளொன்று தைத்துவிட்டால் ஒட்டியதனைத்தையும் உரித்தெடுக்க வேண்டும். பிரான்சு தேசத்துக் கிளெமொன்-பெராண் நகரில் இறப்பர்த் தொழிற்சாலை நடத்திய மிஷெலின் சகோதரரிடம் ஒருநாள் அத்தகைய வண்டியொன்று வந்து சேர்ந்தது. ரயரை உரித்துச் செப்பனிட மூன்று மணித்தியாலத்துக்கு மேற் சென்றது. பசை உலர ஓர் இரவு சென்றது. மறுநாள் எடுவாட் மிஷெலின் அதில் ஏறிச் சில நூறு மீற்றர் தூரம் சென்றதும் ரயர் மீண்டும் தளர்ந்துவிட்டது. வேறொருவராயின் காற்று ரயரையே வெறுத்திருப்பார். அவரோ, குற்றம் காற்றினதன்று, பசையினது என்று கண்டார். அதன் பயனாக, பசையின்றிக் கழற்றிப் பூட்டத்தக்க ரயருக்கு 1891இல் உரிமம் பெற்றனர் அச்சகோதரர். அவ்வாண்டிலே பாரிசிலிருந்து பிறெஸ்ற் வரை சென்று மீளும் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர் பந்தயத்திலே சார்ள் ரெறோண் என்பவர் அந்த ரயரோடு சென்று முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு தாமே நடத்திய பந்தயமொன்றில், கழற்றுதலின் எளிமையைக் காட்டுதற்பொருட்டுப் பாதையிலே ஆணிகளைத் தூவிவைத்தனர் என்றும் கூறுவர். விளம்பரத்துக்கு அக்காலத்திலும் இரக்கம் இருந்ததில்லைப் போலும்.

இதே காலத்தில், 1890இல், இங்கிலாந்தில் வெல்ச் என்பவர் விளிம்பிலே கம்பி பொதிந்த ரயரை அமைத்தார். நாம் இன்று பயன்படுத்துவது அதன் வழிவந்ததே. கம்பி நீளாது, ஆகவே வன்மையாக இழுப்பதிற் பயனில்லை. காற்றை முற்றாக விட்டு, ஒரு பக்கத்து விளிம்பைச் சக்கர வளையத்தின் நடுப்பள்ளத்துள் அமிழ்த்தினால், எதிர்ப்பக்கத்திலே சிறிது தளர்ச்சி உண்டாகும். அவ்விடத்திலே சமையலறைக் கரண்டியின் காம்பைச் செருகி நெம்பலாம். கடைக்காரரின் நெம்புகோல் இல்லாத வீடுகளிலெல்லாம் இந்தக் கரண்டிக் காம்பே அப்பணியைச் செய்தது. அதன் முனை மழுங்கியிருப்பதே அதன் சிறப்பு. கூரிய திருப்புளியை எடுத்தவர் ஓர் ஓட்டையை அடைக்கப் போய் ரியூபில் இரண்டாவது ஓட்டையையும் உண்டாக்கினார்.

ரயரைவிடப் பிடிவாதமானது கொட்டர் பின். மிதிதண்டை அச்சோடு இணைக்கும் சிறிய ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டது. அதை இறுக்குவது அதன் நட்டு என்று பலர் எண்ணுவர். உண்மையில் இறுக்குவது சுத்தியலின் அடியே. நட்டு அதனை விலகாது காக்கும் காவலன் மாத்திரமே. மழையும் கடற்காற்றும் பட்டு இரும்பு கறளாக மாறும்போது, முன்னிருந்ததிலும் மிகுந்த இடத்தை அது பிடிக்கின்றது. எனவே கறள் தானே இரண்டாவது ஆப்பாகிவிடுகின்றது. அஞ்சி அஞ்சித் தட்டுபவருக்குப் பின்னின் முனை காளான்போல் விரிந்துவிடும். பிறகு அது எவ்வழியாலும் வராது. நட்டை முனைமட்டத்துக்குத் தளர்த்தி, மிதிதண்டின் கீழே பின் நுழையத்தக்க ஒரு நீர்க்குழாய்த் துண்டை நிலத்தில் ஊன்றி வைத்து, திடமாக ஓரடி அடிப்பதே முறை. தாங்குதல் இல்லாவிடின் அடியின் வேகம் அச்சுக் குண்டுகளைச் சென்று தாக்கும். முதல்நாள் மாலையிலே மண்ணெண்ணெய் சில துளி விட்டு வைத்தல் நன்று. தேங்காயெண்ணெய் தடிப்பானது, நுண்ணிய இடைவெளியில் அவ்வளவு இலகுவிற் புகாது, நாட்பட்டாற் பசையாகவும் மாறும். இந்தப் பின்னையே ஒழித்த மிதிதண்டை 1933இல் ஸ்ரொங்லைற் என்னும் பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் இந்தியாவிற் செய்யப்படும் பாரவண்டிகளில் பழைய பின் இன்றும் வாழ்கின்றது.

மிதியைக் கழற்றுவோர் வேறொரு பொறியில் அகப்படுவதுண்டு. இடப்பக்கத்து மிதியின் புரி இடஞ்சுழியானது. இதை அறியாதார் குழாயை ஸ்பனரில் மாட்டி, தம் வலிமை முழுவதையும் செலுத்தி, மேலும் இறுக்கிவிடுவர். ஓட்டத்திலே மிதி தானே கழலாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆகாய விமானம் கண்ட றைற் சகோதரரும், வண்டிக்கடை நடத்திய நாளில், கழலாத மிதிகளைத் தம் வண்டிக்குச் சிறப்பாக 1900இல் அறிவித்தவர்களே.

இத்தாலியில் ருல்லியோ கம்பஞோலோவைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. 1920களிலே மலைக்கணவாயொன்றில் பனியிடையே பந்தயம் ஓடியபோது, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பவேண்டி இருந்ததாம். விறைத்த விரல்களுக்குச் சிறகுநட்டு அசையவில்லையாம். அக்காலத்தில் வேகத்தை மாற்றச் சக்கரத்தையே கழற்றித் திருப்பிப் பூட்டுவது வழக்கம். நெம்புபிடியை ஒருமுறை புரட்டியதும் சக்கரம் விடுபடும் அமைப்பை அவர் பின்னர் ஆக்கினார். அவரது தொழிலகம் 1933இல் விச்சென்சாவில் எழுந்தது. கதையின் நாள் பற்றி ஒருமைப்பாடு இல்லை. கருவியோ உலகெங்கும் உள்ளது.

கருவியும் உதிரிப்பாகமும் அரிதான ஒரு காலத்தை நம் நாட்டு நேயர்களிற் பலர் தாமே கண்டுள்ளனர். 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்தன. விறகும் நெல்லும் நோயாளியும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். கிளாலிக் கடலேரியை இரவிற் படகிற் கடந்தவர் தம் வண்டியையும் உடன் ஏற்றிச் சென்றதுண்டு. உப்புநீர் பட்ட வண்டிக்குக் கறள் காத்திராது. அந்நாளில் மண்ணெண்ணெயோ விலையுயர்ந்த பொருள். ஜாம் போத்தல் விளக்கில் அளந்தளந்து எரித்த எண்ணெய். அதிற் சில துளியை ஆணிக்குச் செலவிடுவதென்றால் அன்றிரவு விளக்கிற் சிறிது குறையும். கழற்றிய பின்னை எறியவும் இயலாது. வளைந்ததைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, அரத்தாற் சீவி, மீண்டும் அதனையே பூட்டவேண்டும். ஆதலால் அன்று கழற்றுவோன் உடைக்காமற் கழற்றவேண்டியவனாயிருந்தான்.

அவ்வாண்டுகளிலே வண்டிக்கு வேறொரு வேலையும் வந்தது. அதனைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, 6 வோல்ற் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, வானொலிப் பெட்டியோடு இணைத்தனர். ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். சுழற்றியவரின் கை தளர, செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்தது. அடுத்தவர் எழுந்து மிதியைப் பிடித்துக்கொண்டார்.