அலிபிரியில் ஒரு கணக்கு

அலிபிரி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது முழங்கால் வலிதான். 3,550 படி, ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் நின்ற 'அடிப்புளி' மருவி அலிபிரி ஆயிற்று என்று ஒரு விளக்கம் உண்டு. (எந்தப் பெயரையும் தமிழாக்காமல் உங்களுக்குத் தூக்கம் வராதா என்று என் தெலுங்கு நண்பர் கிண்டல் செய்வார்.)

நான் சொல்ல வந்தது தரிசன அனுபவம் அல்ல. அந்த மலையின் வயதையும், ஆயிரம் வருடத்துக்கு முன் அங்கே எரியாமல் போன 22 விளக்குகளையும் பற்றி.

திருப்பதியிலிருந்து மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது பாறைச் சரிவைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே கிரானைட். அதன் மேல் அட்டை அட்டையாக அடுக்கிய குவார்ட்சைட். இரண்டும் தொடும் இடத்தில் ஒரு கோடு. கீழ்ப்பாறைக்கு வயது 250 கோடி ஆண்டுக்கு மேல், மேல்பாறைக்கு சுமார் 160 கோடி. நடுவில் 80 கோடி ஆண்டுக்குக் குறையாத காலம் காணோம்! பழைய நிலம் அரித்துத் தேய்ந்து, பிறகு கடல் புகுந்து மணல் படிந்து இறுகியதில், இடைப்பட்ட பக்கங்கள் கிழிந்துபோயின. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நாம் அந்த வளைவில் ஜன்னலை மூடிக்கொண்டு, வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போவோம்.

பத்தாவது படிக்கும் என் மகளும் நானும் ஒருநாள் கணக்குப் போட்டோம். பூமியின் வயது 454 கோடி ஆண்டு. அதை 3,550 படிகளில் பரப்பினால் ஒரு படிக்கு ஏறக்குறைய 12.8 லட்சம் ஆண்டு. காணாமல் போன அந்தக் காலம் மட்டும் 625 படி. டைனோசர்கள் அழிந்தது, மேலே போய்ச் சேர இன்னும் ஐம்பத்திரண்டு படி இருக்கும்போது. மனித இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டு, அதாவது கடைசிப் படியில் கால்வாசி கூட இல்லை. படி அரை அடி உயரம் என்று வைத்தால், கடந்த ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் முழுவதும் ஒரு தலைமுடியின் தடிமன். கல்யாணகட்டையில் மொட்டை அடித்து விழுகிறதே, அதில் ஓர் இழை.

"அப்போ தாத்தா எங்கப்பா வருவார்?" என்றாள்.

அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். முப்பத்தைந்து வருடம் பைசா விடாமல் ஐந்தொகை எழுதியவர். அந்தச் சங்கமே இன்று இல்லை, பேரேடுகள் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன. கருமாதி முடிந்து மஸ்கட் திரும்பிய பிறகு, இங்கே ஆபீஸில் நான் டாலி செய்யும் கணக்குக்கும் இதே கதிதானே என்று பல நாள் தோன்றியது. மகளுக்கு அன்று பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் திருமலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பி.காம். படித்தவனுக்குக் கல்வெட்டு என்ன புரியும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் டெபாசிட் ரசீதுகள்தான்! யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்கு, யார் பொறுப்பு. முதிர்வுத் தேதி என்ற இடத்தில் மட்டும் 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. சூரியனுக்கு இன்னும் 500 கோடி ஆண்டு ஆயுள் என்கிறார்கள். எந்த வங்கியும் தராத டேர்ம்.

அசலைக் காப்பாற்றிய விதம் அதைவிட அழகு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, தினம் ஓர் உழக்கு நெய். சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா, கிழடாகாதா? சாகும். குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக்கூடாது. மேய்ப்பவனும் சாவான், அவன் மகன் நெய் அளப்பான்.

சரி, அந்த 22 விளக்குக்கு வருகிறேன். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம், முதலாம் ராஜேந்திர சோழன் காலம். திருமலைக் கோயிலில் 24 விளக்கு எரிக்க, திருமுண்டியம் ஊர்ச் சபையார் பொன் வாங்கிப் பொறுப்பேற்றிருந்தார்கள். எரிந்ததோ இரண்டே இரண்டு. சோழ அதிகாரி ஒருவர் வந்து விசாரித்து, அந்தப் பொறுப்பைச் சபையாரிடமிருந்து கோயிலுக்கே மாற்றி உத்தரவிட்டார். அதையும் கல்லில் வெட்டினார்கள். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைக் கல்லில் வெட்டிய ஆடிட்டரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சாம்ராஜ்யமே நடத்தும் ராஜாவின் ஆள், அந்த மலை உச்சியில் விளக்குகளை எண்ணியிருக்கிறான். 80 கோடி ஆண்டைத் தொலைத்துவிட்டு அலட்டாமல் நிற்கும் அதே பாறையின் மேல் நின்றுகொண்டு! அவனுக்கு நிலவியல் தெரியாது. தெரிந்திருந்தாலும் எண்ணியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். கொடுத்தவனுக்கு 24 என்று சொல்லியாகிவிட்டதே.

இதை மகளிடம் சொன்னேன். "தாத்தா மாதிரி ஆளு" என்றாள்.

ஊர்ப் பெருமாள் கோயிலில் அப்பா பெயரில் ஒரு விளக்குக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். மாதம் முதல் தேதி பணம் தானாகப் போய்விடும். எரிகிறதா என்று பார்ப்பது சித்தப்பா பொறுப்பு, வயது 74. போன ஏகாதசிக்கு எண்ணெய் குறைவாக இருந்ததாம். பட்டரிடம் சொல்லி ஊற்ற வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம்.