மலைச்சாலையும் பந்தயத் தடமும்

2024-ஆம் ஆண்டில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள வீதிகளில் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடைபெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே அமைத்த தடம் இருக்க, மக்கள் நடமாடும் வீதி எதற்கு என்று வினவினோர் உண்டு. இவ்வினா புதியதன்று. ஆஸ்திரேலிய நாட்டின் ‘டூரிங் கார்’ பந்தய வரலாறு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

டூரிங் கார் என்பது, குடும்பத்தினர் ஏறிச் செல்லும் காரின் வடிவிலேயே, கூரையும் கதவுகளும் கொண்டு பந்தயத்தில் ஓடும் வண்டி. சற்றே உரசினாலும் அதன் ஓட்டம் நின்றுவிடுவதில்லை. ஆகவே நெருங்கி முந்தும் போட்டியே இப்பந்தயத்தின் உயிர்.

விக்டோரியா மாநிலத்தில் பிலிப் தீவு என்றொரு தீவு உளது. 1928-இல் அங்கு மண்சாலைகளிலேயே 100 மைல் பந்தயம் நடந்தது. ஆர்தர் வெய்ட் என்பவர் சிறியதோர் ஆஸ்டின் காரில் வென்றார். 1956-இல் அத்தீவில் நிரந்தரத் தடம் ஒன்று திறக்கப்பெற்றது. 1960 நவம்பரில் அத்தடத்தில் 500 மைல் பந்தயம் தொடங்கிற்று. விற்பனைக்கு வரும் சாதாரணக் கார்கள் நெடுந்தூர ஓட்டத்தைத் தாங்குமா என்று காண்பதே அதன் நோக்கம். ஆனால், தாங்காமற் போனது தடமே! 1962-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் தளம் பெயர்ந்து சிதைந்தது. அதனைச் செப்பனிடப் பொருள் போதவில்லை. பந்தயத்திற்கென்றே கட்டிய தடம் கைவிடவே, பந்தயம் பொதுச்சாலையை நாடிச் சென்றது.

அச்சாலை, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பாதர்ஸ்ட் நகரை அடுத்த மவுண்ட் பனோரமா என்னும் குன்றின்மேல் உள்ளது. வேலையற்றோர்க்கு வேலை தரும் பொருட்டு, காட்சி காணும் உலாச்சாலையாக அமைக்கப்பெற்று, 1938-இல் அது திறக்கப்பெற்றது. அவ்வாண்டே அங்குப் பந்தயமும் நடந்தது. 1963-இல் 500 மைல் பந்தயம் அங்குக் குடிபுகுந்தது. ஹாரி ஃபர்த், பாப் ஜேன் இருவரும் ஃபோர்டு கார்ட்டினா காரில் வாகை சூடினர். 1973 முதல் அது 1,000 கிலோமீட்டர் பந்தயமாயிற்று. பந்தயம் இல்லாத நாட்களில் அது இன்றும் பொதுச்சாலையே; யாவரும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற்கு மிகாமல் செல்லலாம்.

ஒரு சுற்றின் நீளம் 6.213 கிலோமீட்டர். அடிவாரத்திற்கும் உச்சிக்கும் உயர வேறுபாடு 174 மீட்டர். புதிதாகத் தடம் வகுக்கும் பொறியாளர், தவறிய வண்டி சறுக்கி நிற்பதற்கு அகன்ற வெளி விடுகிறார். அது பாதுகாப்பானது, ஆனால் பிழை செய்தவனும் எளிதில் மீண்டு வந்துவிடுகிறான். நகர வீதிகளிலோ, மதில் அருகிருப்பதால் பிழைக்கு மன்னிப்பில்லை; ஆயினும் வீதி குறுகினால் முந்துவதற்கு இடமின்றி, வண்டிகள் எறும்புச் சாரை போல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். பாதர்ஸ்ட் சாலையில் இரண்டும் கூடியுள்ளன. நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவில் முந்தலாம். குன்றின் உச்சியிலோ இரு மதில்களிடையே கையகலம் தவறினாலும் ஓட்டம் முடிந்தது.

சாலையின் தன்மை பந்தயத்தை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு சான்று. 1980-இல் முதலிடத்தில் சென்ற டிக் ஜான்சன், சாலையில் கிடந்த பெருங்கல் ஒன்றின்மீது மோதி, வண்டியை இழந்தார். தொலைக்காட்சியில் அதனைக் கண்ட மக்கள் மனமிரங்கிப் பொருளுதவி செய்தனர். மறு ஆண்டு அவரே வென்றார்!

ஆனால் எல்லா விபத்துகளும் இவ்வாறு இனிதே முடிவதில்லை. 1986-இல் கான்ராட் நேர்ப்பாதையில் மிகு வேகத்தில் சென்ற மைக் பர்க்மன் மோதி உயிர் துறந்தார். அடுத்த ஆண்டே அப்பாதையில் ‘சேஸ்’ என்னும் வளைவுகளைச் சேர்த்து, அருகே அகன்ற வெளியும் விட்டனர். இதனால் விறுவிறுப்புக் குன்றியதா? இல்லை, வேகத்தைத் தணிக்க வேண்டிய அவ்விடமே, முந்துவதற்குரிய மற்றோர் இடமாயிற்று. பழைய மலைச்சாலை, புதிய தடத்திடம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது.

ஆகவே, வீதியா தடமா என்பதைவிட, அங்குத் திறமைக்கு இடம் உண்டா, பிழைக்கு விலை உண்டா என்று கேட்பதே முறை. அவ்விலை உயிராக இருத்தலாகாது. பல்லாண்டு தேர்வு நடத்திய ஆசிரியன் நான். வினாத்தாள் கடினமாக இருக்கலாம். தோற்ற மாணவன் மறு ஆண்டும் வந்து எழுத வேண்டுமன்றோ?